கோதை என்றால் மாலை

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் என் பேத்தியின் கோதை என்ற பெயரை ஒருவர் கேலி செய்ததை உங்களில் பலர் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். "அங்கேயே ஏன் பதில் சொல்லவில்லை?" என்று மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அது சம்பந்தி வீட்டார் எடுத்த விசேஷம். ஒலிவாங்கி அவர் கையில் இருந்தது. என் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே அப்படி இருக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

பெயரியல் ஆலோசகர் என்று அழைத்து வரப்பட்டவர் மூன்று குற்றங்களைச் சொன்னார். கோதை கிழவிகளுக்கு வைக்கும் பெயர். எண் சரியில்லை. மூன்றாவதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தி, பிறகு உயர்த்தி, "அர்த்தம் தெரியுமா? உடும்பு!" என்றார். மண்டபம் சிரித்தது. முறைக்காரர்கள், உறவுக்காரர்கள், மொய் எழுத வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறந்து நாற்பது நாளான குழந்தையின் பெயரை நூற்றைம்பது பேர் சேர்ந்து சிரித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு அவர் மாற்றுப் பெயராகக் கொடுத்த 'கோத்விகா' எந்த மொழிச் சொல், என்ன பொருள் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. நான்கு தலைமுறை பழகிய பெயருக்குத்தான் எல்லாரும் விளக்கம் கேட்டார்கள்.

கோதை என்றால் மாலை. 'கோ' என்பது வினை. பூவை நூலில் கோக்கிறோம். கோத்தது கோவை, கோத்தது கோதை. கண்ணி, தார், தொடையல், தெரியல், கோதை என்று மாலைக்கே இத்தனை சொல் வைத்திருந்தவர்கள் நம் ஆட்கள். மாலை சூடிய கூந்தலுக்கும் கோதை என்றார்கள். சூடிய பெண்ணையும் கோதை என்றார்கள். இதற்குப் பெயரியல் படிக்க வேண்டாம். சாதாரணத் தமிழ் அகராதியைத் திறந்தால் போதும்.

உடும்பு என்ற பொருளும் அகராதியில் இருக்கிறது. இருபத்தெட்டு ஆண்டுகள் நூலகத்தில் வேலை பார்த்தவள் நான்; இருப்பதை இல்லை என்று சொல்ல மாட்டேன். வடமொழியில் கோதா என்று ஒரு சொல் உண்டு. அது உடும்பையும், வில்லாளி நாண் பட்டுக் கை கிழியாமலிருக்கக் கட்டிக்கொள்ளும் தோலையும் குறிக்கும். தமிழுக்கு வந்து அதுவும் கோதை என்றே ஒலித்தது. அது வேறு சொல், இது வேறு சொல். சங்கப் பாட்டில் கலை என்பது ஆண் குரங்கு. கலைச்செல்வி என்று பெயர் வைத்த வீட்டுக்குப் போய் யாராவது ஒலிவாங்கியில் இதைச் சொல்வார்களா? சொன்னால் விடுவார்களா?

கிழவிப் பெயர் என்றார். பழைய பெயர்தான், ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு பழையது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் ஒரு சேர மன்னனின் முகமும் மேலே தமிழ் எழுத்தில் மாக்கோதை என்ற பெயரும் இருக்கின்றன. குட்டுவன் கோதை என்று பொறித்த காசும் உண்டு. ஆம், கோதை அரசர்களுக்கும் பெயர். புறநானூற்றில் பொய்கையார் சேரமான் கோக்கோதை மார்பனைப் பாடுகிறார். கோதை என்னும் அரசன் மார்பில் கிடக்கும் கோதையாலும், அவனைத் தழுவிய பெண்களின் கோதையாலும், கழியில் பூத்த நெய்தலாலும் தொண்டி நகரமே தேன் மணக்கிறது என்கிறார். நாலே அடிக்குள் அந்தச் சொல்லை மறுபடி மறுபடி வைத்து விளையாடுகிறார். அடுத்த பாட்டில், இவனை நாடன் என்பேனா, ஊரன் என்பேனா, கடற்கரைச் சேர்ப்பன் என்பேனா, ஓங்கிய வாளுடைய கோதையை எப்படித்தான் சொல்வது என்று தவிக்கிறார். எப்படி அழைப்பது என்று ஒரு புலவர் அன்றைக்கே திகைத்த பெயர் இது. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர். உங்களில் சிலர், "அது ஆண்டாள் பெயர் அல்லவா, அதைச் சொல்லியிருந்தால் அவர் அடங்கியிருப்பாரே" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லெண்ணம்தான், தெரியும். ஆனால் சாமி பெயர் என்று சொன்னால் அடங்குவார், தமிழ்ப் பெயர் என்று சொன்னால் அடங்கமாட்டார் என்றால் அந்த அடக்கம் எனக்கு வேண்டாம். சரி, அவளையே பார்ப்போம். துளசிச் செடியின் கீழே கிடைத்த குழந்தைக்குப் பெரியாழ்வார் வைத்த பெயர் கோதை என்றுதான் குருபரம்பரைக் கதை சொல்கிறது. நந்தவனம் வைத்துக் கோயிலுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தவர் அவர். நாள் முழுக்கக் கையில் பூவும் நாருமாக இருந்த தகப்பன், மகளை மாலை என்றே கூப்பிட்டார். ஆண்டாள் என்பது உலகம் தந்த பெயர். அவள் தன்னைச் சொல்லிக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள். திருப்பாவையின் முப்பதாம் பாட்டில் "தண்தெரியல் பட்டர்பிரான் கோதை சொன்ன சங்கத் தமிழ்மாலை முப்பதும்" என்று முடிக்கிறாள். தந்தை அணிந்திருப்பது தெரியல். மகள் கோதை. அவள் பாடியது தமிழ்மாலை. ஒரே மூச்சில் மூன்று மாலைகள். நாச்சியார் திருமொழியிலும் தந்தையின் பெயரோடு சேர்த்து விட்டுசித்தன் கோதை என்றே கையெழுத்திடுகிறாள். தன் பெயரின் பொருள் தெரிந்து, அதை நேசித்து எழுதிய பெண் அவள். அவள் சூடிக் களைந்த மாலை இன்றும் சித்திரையில் மதுரைக்கு அழகருக்குப் போகிறது, பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்குப் போகிறது. அந்தப் பெயரைத்தான் உடும்பு என்று சிரித்தீர்கள்.

"கோதா என்ற வடமொழிப் பெயரைத்தானே நாம் கோதை ஆக்கினோம்?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. வேதாந்த தேசிகர் ஆண்டாள் மேல் வடமொழியில் கோதா ஸ்துதி பாடினார். கிருஷ்ணதேவராயர் அவள் கதையைத் தெலுங்கில் ஆமுக்தமால்யதா என்ற காவியமாக எழுதினார். தெலுங்கு நாடு அவளைக் கோதாதேவி என்று கொண்டாடுகிறது. காசில் கோதை பொறித்துப் பல நூற்றாண்டுகள் கழிந்த பிறகு நடந்தவை இவை. நம் வீட்டுப் பெயரை மற்றவர்கள் ஆசையாக எடுத்துச் சென்று தங்கள் நாவுக்கு ஏற்ப அழைத்தார்கள். எடுத்துச் சென்றவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நாம்தான் மண்டபத்தில் வைத்துச் சிரிக்கிறோம்.

"அது ஒரு குறிப்பிட்ட சாதிக்காரர்கள் வைக்கும் பெயர்" என்று ஒருவர். என் அப்பா இராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளி. எங்கள் தெருவில் மட்டும் மூன்று கோதைகள் இருந்தார்கள். ஒருத்தி பால் கறந்து விற்றாள். இதற்கு மேல் இந்த ஆட்சேபத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

எண் கணக்கைப் பற்றி ஒன்றே ஒன்று. கோ, தை. தமிழில் இரண்டே எழுத்து. அவர் கூட்டியதோ ஆங்கில எழுத்துகளை. அதிலும் ஒருவர் ஒரு விதமாக எழுதுவார், இன்னொருவர் வேறு விதமாக எழுதுவார். எழுத்து மாறினால் கூட்டுத்தொகையும் மாறும். பெண்ணின் விதி மட்டும் மாறாதா?

கோதை என்ற பெயர் வைத்தால் பெண் முன்னுக்கு வரமாட்டாள், கூச்சப்படுவாள் என்று என் சம்பந்தியம்மாளே வருத்தத்தோடு சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பேத்தி மேல் உள்ள பாசத்தில் பயப்படுகிறார்கள். அவர்களுக்காகவே சொல்கிறேன். வை.மு.கோதைநாயகி அம்மாள், 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருத்தி எழுதினாள். அப்படிப்பட்ட கோதைநாயகி 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை வாங்கி நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். மேடையில் பேசினார், பாடினார், கதர் உடுத்தினார், மறியல் செய்து சிறைக்கும் போனார். இன்று எழுதுகிற பெண்கள் எல்லாருக்கும் முன்னால் நடந்து போனவர். என் நூலகத்தில் பழைய பைண்டு செய்த அவர் நாவல்கள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. மத்தியான வேளையில் வீட்டு வேலை முடித்து வரும் பெண்கள் "வை.மு.கோ. புத்தகம் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிப் போவார்கள். நூலின் முதுகு பிய்ந்து நான் எத்தனை முறை பசை போட்டு ஒட்டியிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். கோதை என்ற பெயர் அவரை எதிலும் தடுக்கவில்லை.

இவ்வளவு எழுதிய பிறகும் ஆத்திரம் தீரவில்லை. ஏன் என்று நேற்று இரவு யோசித்துக்கொண்டிருந்தேன். உடும்பு என்றது மட்டும் காரணம் இல்லை.

என் அக்கா பெயர் கோதை. உங்களில் பலருக்கு அவளைக் கீதா என்றுதான் தெரியும். 1961இல் அவளைப் பள்ளியில் சேர்க்க அப்பா அழைத்துப் போனார். பெயரைக் கேட்ட ஆசிரியர், "இதென்ன பட்டிக்காட்டுப் பெயர், பிள்ளை நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாமா?" என்று சொல்லிக் கீதா என்று எழுதிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் படிப்பு. வாத்தியாரை எதிர்த்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை. அக்கா கீதா ஆனாள். செவிலியர் பயிற்சியில் கீதா, பணி ஆணையில் கீதா, கல்யாணப் பத்திரிகையில் கீதா, முப்பத்து நான்கு ஆண்டு பணியில் சீருடையின் பெயர்ப் பட்டையில் கீதா. அம்மா மட்டும் கோதை என்று கூப்பிட்டாள். அம்மாவுக்குப் பிறகு நான் மட்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் போனபோது தெருவில் ஒட்டிய அஞ்சலிச் சுவரொட்டியில் கீதா என்று இருந்தது. அதன் கீழே நின்றுகொண்டு, இது யாருடைய சாவு என்று ஒரு நிமிடம் எனக்கே புரியவில்லை.

"இறந்தவர் பெயரைக் குழந்தைக்கு வைக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நியாயமான பதில் எதுவும் இல்லை. வைத்துவிட்டோம். என் மகளைத் தூக்கி வளர்த்தவள் அவள் பெரியம்மா. அந்தப் பெயரை வைக்கும் உரிமையை என் மகளே எடுத்துக்கொண்டாள், நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

முன்னே சொன்ன மாக்கோதை என்ற பெயரைத் தாங்கிய சேர மன்னன் ஒருவன் புறநானூற்றில் ஒரே ஒரு பாட்டுப் பாடியிருக்கிறான். மனைவியைக் கள்ளி முளைத்த களரில் விறகடுக்கி எரித்துவிட்டு, இன்னும் உயிரோடு இருக்கிறேனே, இதென்ன இயல்பு என்று கேட்கிறான். அக்கா போன வாரத்தில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்துப் படித்தேன். அதற்கு முன் எத்தனையோ தடவை படித்ததுதான். பாடியவன் பெயரை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அவள் பீரோவை ஒழித்தபோது பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஓர் அஞ்சலகச் சேமிப்புப் புத்தகம் கிடைத்தது. பள்ளியில் சேர்த்த அதே 1961இல் அப்பா அவளுக்காகத் தொடங்கியது. கணக்கின் பெயர் கோதை. வாத்தியாரிடம் வாய் திறக்காத மனிதர், நேரே போய் மகளின் உண்மையான பெயரில் ஐந்து ரூபாய் போட்டுவிட்டு வந்திருக்கிறார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் எப்போது கொடுத்தார் என்பதும் தெரியாது. அவளுடைய மற்றச் சான்றுகள் எல்லாம் கீதா என்று இருந்ததால் அந்தப் பணத்தை அவள் எடுக்கவே முடியாது. எடுக்கப் பார்த்ததாகவும் தெரியவில்லை. அவள் பெயர் எழுதிய ஒரே காகிதம் அதுதான். அதைத்தான் வைத்திருந்தாள்.

ஆகவே, மாற்றச் சொல்கிறவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன். பெயர் கோதை. எட்டு வந்தாலும் நான்கு வந்தாலும் கோதை. பள்ளியில் கேலி செய்தால் பொருளைச் சொல்லிக்கொடுப்போம். வடக்கே போய் வேலை பார்த்து அங்கே உள்ளவர்கள் தப்பாக உச்சரித்தால் திருத்திச் சொல்லட்டும். நாக்கு வளையாத பெயர்களை எல்லாம் நாம் கற்றுக்கொள்ளவில்லையா?

பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் கிடையாது. அவ்வளவு நாள் காத்திருக்க எங்களுக்கு மனம் இல்லை. திங்கட்கிழமை மருமகன் விண்ணப்பத்தோடு போகிறார். ஞாயிற்றுக்கிழமை அவரும் தலை குனிந்துதான் நின்றார். ஆனால் அன்று இரவு அவராகவே அழைத்து, "அத்தை, கோதைதான். நானே போய்ப் பதிந்துவிட்டு வருகிறேன்" என்றார்.

இன்று காலை மகள் கேட்டாள், "அம்மா, ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்" என்று. சேமிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், 1961இல் யாரோ ஓர் எழுத்தர் நீல மையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அழகாக எழுதியிருக்கிறார். அதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பிவைத்தேன்.