ஷிஃப்ட் சார்ட் போடும்போதே லீவையும் கணக்கில் சேருங்கள்

"நாளைக்கு ஆள் இல்லை, நீங்க வந்துடுங்க" என்று ராத்திரி வாட்ஸ்அப் வந்தால், லீவு போட்டவரைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், திட்டு வாங்க வேண்டியவர் சார்ட் போட்டவர்.

24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டிய ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 365 நாள், நாளுக்கு 3 ஷிஃப்ட், வருஷத்துக்கு 1095 டூட்டி. வார ஓய்வு 52 போனால் ஒருவர் வரக்கூடியது 313 நாள். பண்டிகை, சொந்த லீவு, உடம்புக்கு முடியாதது, பயிற்சி எல்லாம் சேர்த்து 35 நாள் என்று வைத்தால் மிச்சம் 278. வகுத்துப் பாருங்கள்: 3.94. ஆக நாலு பேர். மூன்று பேரை வைத்துக்கொண்டு 'சமாளிச்சுக்கலாம்' என்றால் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) எகிறாமல் என்ன செய்யும்?

அடுத்தது வேலைப்பளு. எட்டு வாரத் தரவை அரை மணி நேரத் துண்டுகளாகப் பிரித்து, திங்களைத் திங்களோடு, சனியைச் சனியோடு ஒப்பிடுங்கள். நாள் சராசரி ஏமாற்றும். இதில் பலர் கவனிக்காத ஒன்று: எண்ண வேண்டியது முடித்த வேலையை அல்ல, வந்து சேர்ந்த வேலையை. காலை 10 மணிக்கு வந்தது ஆளில்லாமல் தேங்கி 12 மணிக்கு முடிந்திருந்தால், முடித்த கணக்கில் 12 மணிதான் பரபரப்பாகத் தெரியும். அதை நம்பி ஆள் போட்டால் 10 மணிப் பற்றாக்குறை அப்படியே தொடரும்.

பளு தெரிந்துவிட்டால் எல்லோரையும் 9 மணிக்கே வரச் சொல்ல வேண்டாம். சிலர் 8, சிலர் 9.30, சிலர் 11. சாப்பாட்டு இடைவேளையையும் இப்படியே தள்ளித் தள்ளி வையுங்கள்.

சுழற்சி காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிப் போகட்டும். திருப்பிப் போட்டால், இரவு 10 மணிக்கு முடித்தவர் மறுநாள் காலை 6 மணிக்கு நிற்க வேண்டும். நடுவில் எட்டு மணி நேரம். பயணம், குளியல், சாப்பாடு போக தூக்கம் ஐந்து மணி நேரம்கூடத் தேறாது. இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே குறைந்தது 11 மணி நேரம் விடுங்கள்.

சார்ட்டை இரண்டு வாரம் முன்பே ஒட்டிவிடுங்கள். ஒட்டிய பிறகு மாற்றம் என்றால் இருவரும் சம்மதித்து, அதே வேலை தெரிந்தவர்கள் மாற்றிக்கொள்ளலாம். அந்த 11 மணி நேரம் மட்டும் உடையக்கூடாது. திடீர் லீவுக்கு ஒரு ரிசர்வ் பெயரும் அதே சார்ட்டில் முறை வைத்து வரட்டும். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் காத்திருந்ததற்கு அவருக்குப் பணம் உண்டு. இல்லையென்றால் அந்தப் பட்டியலில் இருப்பவர் போனை ஆஃப் செய்துவிடுவார், அதில் தப்பும் இல்லை.