போனில் சொல்லும் பழியில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை

மூன்று இடங்களில் நேர்காணல் முடிந்து, சம்பளம் வரை பேசி, "திங்கட்கிழமை வந்து சேருங்க" என்று சொன்னவர்கள் சனிக்கிழமையே போனை எடுக்காமல் போனால் என்ன நினைப்பது? என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்தேன். இரண்டு மாதம் அப்படியே நினைத்தேன். அம்மா முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

நான் வடசென்னை வியாசர்பாடிக்காரன். மண்ணடியில், துறைமுகத்துக்கு வரும் சரக்கை கஸ்டம்ஸில் விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் ஏழு வருடம் டாக்குமென்டேஷன் வேலை. பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்கு கஸ்டம்ஸில் கொடுக்கும் படிவம்) போடுவது, ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு நடையாய் நடப்பது, கன்டெய்னர் பெட்டி வெளியே வரும்வரை மணலியிலோ திருவொற்றியூரிலோ யார்டு வாசலில் நிற்பது, எல்லாம் பார்த்தேன். கடைசி வருடம் சம்பளம் இருபதாம் தேதி, இருபத்தைந்தாம் தேதி என்று தள்ளிக்கொண்டே போனது. கேட்டுப் பார்த்தேன், சரியாகவில்லை. மெயிலில் பேப்பர் போட்டு, நோட்டீஸ் மாதம் முழுக்க வேலை பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ரிலீவிங் லெட்டர் கேட்டதற்கு "அப்புறம் பார்க்கலாம்" என்றார் முதலாளி.

நான்காவது இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. அங்கே மேனேஜர் வயதில் மூத்தவர். என்னை உட்காரவைத்து, "தம்பி, உங்க பழைய ஓனர்கிட்ட பேசினேன். சொல்லாம கொள்ளாம ஓடிட்டான், டெமரேஜ் (பெட்டி நாள் கடந்து நின்றால் கட்டும் கட்டணம்) கட்ட வெச்சான், அந்த ஏரியா பசங்களே இப்படித்தான்னு சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

அந்தக் கடைசிக் கேள்வியை மற்ற மூன்று பேரும் கேட்கவில்லை. அவர்கள்மேல்கூட எனக்குப் பெரிய கோபம் இல்லை, ஏனென்றால் தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், ஆளை எடுக்கும் முன் ஒரு போன் போடுவது அங்கே பழக்கம். கோபமெல்லாம் "அந்த ஏரியா" என்ற சொல்லின் மேல்தான். டெமரேஜ் விஷயத்தை மட்டும் சொல்லியிருந்தால் யாராவது ஒருவர் விசாரித்திருப்பார். ஏரியாவைச் சேர்த்துச் சொன்னதும் விசாரிக்கத் தேவையில்லாத உண்மையாகிவிட்டது. புளியந்தோப்பு, காசிமேடு, எண்ணூர் என்று முகவரி எழுதுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இது தெரியும்.

அன்றைக்கே போனில் இருந்த மெயில்களைக் காட்டினேன். ராஜினாமா மெயில், அதற்கு அவர் "ஓகே" என்று போட்ட பதில், கடைசி மாதம்வரை பிஎஃப் கட்டிய பாஸ்புக், அந்தப் பெட்டி நின்றதற்கு இறக்குமதியாளர் ஒரிஜினல் பி.எல். (சரக்கை எடுக்கக் காட்டவேண்டிய கப்பல் ரசீது) அனுப்பாததுதான் காரணம் என்று அந்த இறக்குமதியாளரே எழுதிய கடிதம். வேலை கிடைத்தது.

அதனால் சொல்கிறேன். பேப்பர் போடுகிறவர்கள் ஆபீஸ் மெயில் முடங்குவதற்கு முன்பே உங்கள் ராஜினாமா, அதற்கு வந்த பதில், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிஎஃப்பில் வெளியேறிய தேதியை முதலாளி போடாமல் இழுத்தடித்தால், கடைசியாகப் பணம் கட்டி 2 மாதம் ஆனபிறகு யுஏஎன் (நம் பிஎஃப் உறுப்பினர் எண்) தளத்தில் நாமே போடலாம். ரிலீவிங் லெட்டர் கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் முக்கியமானது, புது இடத்தில் அவர்கள் போன் போடுவதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள்: பழைய இடத்தில் மனக்கசப்பு, அவர் இப்படிச் சொல்லலாம், என்னிடம் இருக்கும் காகிதம் இது, என் வேலையை நேரில் பார்த்த வேறு இரண்டு பேர் நம்பர் இது. பழைய முதலாளியைத் திட்டாமல் சொல்லுங்கள். நம் தொழிலில் ஜி கார்டு தேர்வு (கிளியரிங் ஆபீஸ் ஊழியர்களுக்கு கஸ்டம்ஸ் வைக்கும் தேர்வு) தேறியவர்கள் அதையும் காட்டுங்கள், வேறு ஏஜென்சிக்குப் போனாலும் அதை மறுபடி எழுத வேண்டியதில்லை.

கேஸ் போடலாமே என்பார்கள். போடலாம். பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவில் அவதூறுக்கு 2 வருடம் வரை தண்டனை இருக்கிறது. ஆனால் நல்லெண்ணத்தோடு சொன்னேன் என்று தப்பிக்கவும் அதிலேயே வழி இருக்கிறது, போனில் கேட்டவர் சாட்சிக் கூண்டுக்கு வரவும் மாட்டார். எனக்குத் தெரிந்த வக்கீல் இதைத்தான் சொன்னார். எழுத்தில் பொய் சொல்லியிருந்தால் மட்டும் விடாதீர்கள்.

உண்மையான குறையை மறைக்கச் சொல்லவில்லை. போன மாதம் எங்களிடமிருந்து போன ஒரு பையனைப் பற்றி என்னையே கேட்டார்கள். எத்தனை வருடம் இருந்தான், என்ன வேலை பார்த்தான், நோட்டீஸ் கொடுக்காமல் போனான், வேலையில் சுத்தம் என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவனை எடுத்துக்கொண்டார்கள்.

வடசென்னையில் யாராவது இப்படி மாட்டிக்கொண்டு இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவுதான், உட்கார்ந்து கடிதம் எழுதித் தருகிறேன்.