பரிசுப் பணம் வேறு, விளம்பரப் பணம் வேறு

"கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ் 100 கோடி டாலருக்கு மேல் ஆடி ஜெயித்தார், நம்ம வேலூர் சத்துவாச்சாரிப் பிள்ளைகளும் பளுதூக்குதலில் பதக்கம் வாங்கினால் விளம்பரக் கோடி தானாக வரும்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு அண்ணா.

அமெரிக்காவின் தொழில்முறை கோல்ஃப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் வுட்ஸ் மொத்தமாக ஜெயித்த பரிசு சுமார் 12 கோடி டாலர்தான். மீதியில் பெரும்பகுதி விளம்பரத்தில் வந்தது. நைக்கியோடு மட்டும் 1996 தொடங்கி 27 ஆண்டு உறவு. பிஜிஏ டூரில் அணிச் சம்பளமும் கிடையாது, அணிச் சீருடையும் கிடையாது. அதனால் தொப்பியின் முன்பக்கம், சட்டையின் நெஞ்சுப் பகுதி, கை, பை என்று ஒவ்வொரு இடத்தையும் வீரரே தனித்தனியாக விற்கலாம். பந்தைக் குழிக்குள் தட்டக் குனியும்போது கேமரா முகத்தருகே போகும். திரையில் பளிச்சென்று தெரிவது தொப்பி எழுத்து. அந்த இடத்துக்கு விலை கூடுவது அதனால்தான்.

பளுதூக்குதல் அப்படியில்லை. நம்ம சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 இரண்டு காமன்வெல்த் போட்டியிலும் பளுதூக்குதலில் தங்கம் எடுத்தவர். ஆனால் அந்த விளையாட்டை ஊரே உட்கார்ந்து பார்ப்பது எப்போதோ சில நிமிடம். விளம்பரதாரர் காசு கொடுப்பது முகம் திரையில் தெரியும் நேரத்துக்கு.

வாய்ப்பு வந்தாலும் பெற்றோர் கவனிக்கணும்: எழுதிய தொகை முழுசாகக் கைக்கு வராது. ஏஜென்ட் பங்கு போகும், டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும். காயத்தால் ஆடாவிட்டால் தொகையைக் குறைக்கும் விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.