எண்பது விழுக்காடு மாணவர்கள் ஓடிய பந்தயம்

அமெரிக்கப் பள்ளித் தடகளத்தின் தொடக்க காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், பெரும்பாலோர் ஜெஸ்ஸி ஓவன்ஸிடம் போய் நின்றுவிடுகிறோம். அதில் வியப்பில்லை. 1933-இல், கிளீவ்லாந்தின் ஈஸ்ட் டெக்னிக்கல் உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்தபோதே, சிகாகோவில் நடந்த தேசியப் போட்டியில் 100 கஜ ஓட்டத்தை 9.4 நொடிகளில் முடித்து, அன்றைய உலகச் சாதனையைச் சமன் செய்தவர் அவர். ஆனால் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்கில் நடந்த முயற்சியே எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

1903-இல் அந்நகரப் பொதுப் பள்ளிகளின் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த லூதர் குலிக், பொதுப் பள்ளிகள் தடகளக் கழகத்தை நிறுவினார். (கூடைப்பந்தை உருவாக்கும்படி நைஸ்மித்தைத் தூண்டியவரும் இவரே.) அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற உள்ளரங்கில் நடந்த முதல் போட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் கலந்துகொண்டனர். ஒல்லியான பையன் தடியனோடு மோதித் தோற்காதபடி, சிறுவர்களை உடல் எடைப்படி பிரித்தும் போட்டிகள் நடத்தினார்கள்.

குலிக்கின் உண்மையான துணிச்சல் 'வகுப்புத் தடகளம்' என்ற ஏற்பாட்டில்தான் இருந்தது. அதில் தனியொருவரின் வெற்றிக்கு மதிப்பில்லை; வகுப்பிலுள்ள சிறுவர்களில் குறைந்தது 80 விழுக்காட்டினர் ஓடவோ, தாண்டவோ, கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கவோ வேண்டும், அவர்கள் அனைவரின் சராசரியே வகுப்பின் மதிப்பெண். அப்படியென்றால், வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவன் இன்னும் கால் நொடி குறைப்பதைவிட, கடைசியாக வருகிறவனைத் தேற்றுவதுதான் எல்லோருக்கும் லாபம். பள்ளி விளையாட்டு விழாக்களில் நாற்காலி தூக்கியே காலம் கழித்த எனக்கு, இந்தக் கணக்கின் அருமை கூடுதலாகவே புரிகிறது. இதனோடு தனித் தேர்வும் ஒன்று இருந்தது: 60 கஜத்தை 8.6 நொடிகளில் ஓடி, நின்ற இடத்திலிருந்து 5 அடி 9 அங்குலம் தாண்டி, கம்பியில் நான்கு முறை உடலை உயர்த்தினால் வெண்கலப் பதக்க வில்லை கிடைத்தது. யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை.

இவ்வாறு எல்லோரையும் ஓடவிட்டால் ஓவன்ஸைப் போன்றவர்கள் எப்படி உருவாவார்கள் என்று கேட்கலாம். ஓவன்ஸுக்குப் பள்ளி முடிந்ததும் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், அவருடைய நடுநிலைப் பள்ளிப் பயிற்சியாளர் சார்லஸ் ரைலி, காலையில் வகுப்புக்கு முன்பே அவருக்குப் பயிற்சி அளித்தார். பொறுமையுள்ள ஓர் ஆசிரியர் செய்த அந்த உதவிக்கும் சராசரிக் கணக்குக்கும் பகை எதுவும் இல்லை.

குலிக்கின் திட்டத்தில் நான் ஏற்க முடியாத குறை பெண்களைப் பற்றியது. 1905-இல் பெண்களுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கப்பட்டபோது, பள்ளிகளுக்கிடையே போட்டியே கூடாது என்று முடிவுசெய்து, எலிசபெத் பர்ச்செனல் தலைமையில் நாட்டுப்புற நடனத்தை முதன்மையாக்கினார்கள். உடல்நலத்துக்கு அது நல்லதுதான் என்றாலும், ஓட விரும்பியவளுக்கு அங்கே இடமில்லை. இந்த மனப்போக்கு நியூயார்க்கோடு நிற்கவில்லை. 1928-இல் இல்லினாய்ஸில் ரயிலைப் பிடிக்க ஓடிய பெட்டி ராபின்சன் என்ற மாணவியைக் கண்டு வியந்த உயிரியல் ஆசிரியரால், பெண்கள் அணி இல்லாததால், சிறுவர்களோடுதான் அவரைப் பயிற்சியில் சேர்க்க முடிந்தது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று, ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில், பெண்களுக்கான முதல் 100 மீட்டர் தங்கத்தை அந்த 16 வயது மாணவி வென்றார்.