சிப்ரோ அட்டையைப் பையில் வைத்திருப்பவர்களுக்கு

சென்ற வாரம் சிங்கப்பூரில் நம் குழுக்களில் சுற்றிய அந்தக் குரல் பதிவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "நீர்க்கடுப்புக்கெல்லாம் பலதுறை மருந்தகத்தில் போய்க் காத்துக் கிடக்காதீர்கள், ஊருக்குப் போகும்போது இரண்டு அட்டை சிப்ரோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்ற அந்த அன்பான அறிவுரைக்குத்தான் எத்தனை இதயங்கள், எத்தனை கைகூப்பும் படங்கள்! சிப்ரோ என்பது சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் ஆன்டிபயாட்டிக், அதாவது பாக்டீரியாக் கிருமிகளை அழிக்கும் மருந்து. அது ஆபத்தானது என்று நான் இரண்டு வரி எழுதியதற்கு, "டாக்டரம்மா வந்துவிட்டார்" என்று ஒருவர் பதில் போட, அதன் கீழே வரிசையாகச் சிரித்திருந்தார்கள். சிரித்தவர்களுக்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. எந்த ஆன்டிபயாட்டிக் என்பதை நாமாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சிறுநீர்ப்பாதைத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நம் குடலிலேயே வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா. அவற்றுள் சில, இஎஸ்பிஎல் எனப்படும் நொதிகளைச் சுரந்து, பென்சிலின் வகை மருந்துகளையும் செஃபலோஸ்போரின் வகையில் பலவற்றையும் சிதைத்துவிடுகின்றன. அந்த ஆற்றலுக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால், ஒரு கிருமியிடமிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. சிப்ரோ, கோட்ரைமாக்சசோல் போன்ற வேறு ஆன்டிபயாட்டிக்குகளை எதிர்க்கும் தன்மையும் பல நேரங்களில் கூடவே வந்துவிடுகிறது. ஆகவே, உங்கள் பையில் உள்ள அட்டை உங்களுக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லுமா என்பது உங்களுக்கும் தெரியாது, குரல் பதிவு போட்டவருக்கும் தெரியாது. சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். மாத்திரையை விழுங்கிவிட்டு அதன் பிறகு சிறுநீர் மாதிரி கொடுத்தால், ஒன்றும் வளராமலே போகலாம்.

என் அத்தை, அதாவது கணவரின் தாயார், தஞ்சாவூரில் ஒரு திருமணத்துக்குப் போய்த் திரும்பியதும் அவருக்கு எரிச்சல் தொடங்கியது. உறவினர் ஒருவர் கொடுத்தனுப்பிய மாத்திரைகளை, எங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டு, தாமாகவே போட்டுக்கொண்டார். குறைந்ததுபோல் இருந்து, பிறகு நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாவுக்குக் கீழே முதுகில் வலியும் வந்தன. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருந்தது. பரிசோதனையில் வந்ததோ இஎஸ்பிஎல் ஈ.கோலை. சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு வழக்கமாகத் தரப்படும் நைட்ரோஃபுரான்டோயின் மாத்திரை சிறுநீர்ப்பைக்குள் வேலை செய்யும், ஆனால் சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. எனவே எர்டாபெனம் என்னும் மருந்தை நரம்புவழி ஏற்ற வேண்டியதாயிற்று. வீடு திரும்பிய பின்னும், கையில் ஊசிக்குழாயோடு நாள்தோறும் மருத்துவமனைக்குப் போய்வந்தார். அந்தக் கையை முந்தானையால் மூடிக்கொண்டுதான் எம்ஆர்டியில் உட்கார்ந்திருப்பார். கார்பாபெனம் என்னும் வலுவான ஆன்டிபயாட்டிக் குடும்பத்தைச் சேர்ந்த அந்த மருந்தும் பலிக்காமல் போனால், அதற்கப்பால் மருத்துவர்களின் கையில் மிச்சமிருப்பவை மிகக் குறைவு. இதைத்தான் நீங்கள் நீர்க்கடுப்பு என்று சிரிக்கிறீர்கள்.

"அப்படியானால் ஊரிலிருந்து வருவதெல்லாம் கெட்டதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. கார்பாபெனம்களையும் சிதைக்கும் ஒரு நொதிக்குப் புதுடில்லியின் பெயரைச் சூட்டியபோது எழுந்த கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. மருத்துவர் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள் என்று 2016ல் சிவப்புக் கோட்டு விழிப்புணர்வைத் தொடங்கியதே இந்திய அரசுதான். உங்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், அந்தக் கோடு இருக்கும். நெதர்லாந்துப் பயணிகளிடம் நடத்தி 2017ல் வெளியான ஆய்வில், தென்னாசியா சென்று திரும்பியவர்களில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினரின் குடலில் இஎஸ்பிஎல் கிருமிகள் புதிதாகக் குடியேறியிருந்தன. பலருக்கு அவை நாளடைவில் மறைந்தும் போயின. பயணத்தின்போது ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதலாக இருந்தது. இதில் யார்மீதும் பழி இல்லை. "அண்மையில் ஊருக்குப் போய்வந்தேன்" என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்வதற்கு முதலில் மருத்துவரிடம் போக வேண்டுமே!

மருத்துவர்களும் சில நேரம் பரிசோதனை முடிவு வருமுன்பே மருந்து தருகிறார்கள் என்பது உண்மைதான். இங்குள்ள கிருமிகள் எதற்குக் கட்டுப்படுகின்றன என்ற விவரத்தை வைத்துக்கொண்டு அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நீங்கள் அட்டையின் விலையை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். காத்திருக்கும் நேரத்தைப் பற்றிய புலம்பலுக்கு என்னிடம் பதில் இல்லை, பொறுமையும் இல்லை. 2017ல் இந்த நாடு மருந்துகளை எதிர்க்கும் நுண்ணுயிர்களைச் சமாளிக்கத் தேசியச் செயல்திட்டமே வகுத்தது. நமக்கோ ஒரு நிமிடக் குரல் பதிவு போதுமாக இருக்கிறது.

உண்மையில் எனக்கு வலித்தது அந்தச் சிரிப்புதான். பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வருகிறது. ஆனாலும் அத்தைக்கு அதை மகனிடம் சொல்ல நா எழவில்லை, மருமகளான என்னிடமும் எழவில்லை. வேலையிடத்தில் கழிவறைக்குப் போக நேரமின்றித் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள், வாய் திறக்கவில்லை. திறந்தவளுக்கு என்ன பட்டம் கிடைக்கும் என்பதைத்தான் பார்த்துவிட்டார்களே.

"மருத்துவம் படிக்காத உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு ஒரு சொல். மருத்துவரிடம் போங்கள் என்று சொல்வதற்குப் பட்டம் தேவையில்லை என்று நினைத்தேன். மாத்திரையின் பெயரைச் சொல்லி, வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னாரே, அவர் என்ன படித்திருக்கிறார் என்று நீங்கள் இதுவரை கேட்டீர்களா?