வயது தாண்டிவிட்டது என்பது தவறு

"பத்தாவதோடு ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போனவனை 21 வயதில் ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) சேர்க்க மாட்டார்கள், வயது தாண்டிவிட்டது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். படிக்கப் போனால் சம்பளம் நின்றுபோகும் என்றும் சொல்கிறார். வயது பற்றி அவர் சொல்வது சரியில்லை. தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.க்களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வரம்பே கிடையாது. வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாவது தேர்ச்சியே போதும். ஐ.டி.ஐ. முடித்தால், தகுதியான பிரிவாக இருந்தால், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு.

என் சித்தி மகன் பேர்ணாம்பட்டில் மூன்று வருடம் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்தான். விரல் நுனியில் பசை காய்ந்து உரிந்துகொண்டே இருக்கும். 22 வயதில் பழைய டி.சி.யைத் தேடி எடுத்து வெல்டர் பிரிவில் சேர்ந்தான். வகுப்பில் மற்றவர்கள் "அண்ணா" என்று கூப்பிட்டதுதான் அவனுக்குப் பெரிய கூச்சம்!

சம்பளம் நின்றுபோகும் என்று அந்த நண்பர் சொல்வது மட்டும் நிஜம். ஐ.டி.ஐ.யில் கிடைக்கும் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையை வைத்து வீடு நடத்த முடியாது. வேலையை விட முடியாதவர்கள் என்.ஐ.ஓ.எஸ். (தேசிய திறந்தநிலைப் பள்ளி) மூலம் பன்னிரண்டாவது எழுதலாம், அதற்கும் உச்ச வயது இல்லை.

அப்புறம் ஒன்று. பிளஸ் டூவைத் தாண்டிக் குதித்து திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிவிடலாம் என்று இன்னொருவர் யோசனை சொல்கிறார். 2009 அரசாணைப்படி, பிளஸ் டூ இல்லாமல் வாங்கும் அந்தப் பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது, காசைக் கட்டும் முன் யோசியுங்கள்.