ஏ.ஆர். காப்பியில் ‘செல்ஃப் ஃபால்’

நம்ம பக்கம் விபத்து என்றால் தீர்ப்பு ரெடியாக இருக்கும்: பெரிய வண்டிக்காரன் மேல்தான் தப்பு. ஆஸ்பத்திரியில் ஆள் போய்விட்டால் அதற்கும் ரெடி: டாக்டர்தான் கொன்னுட்டார். இரண்டுமே டீக்கடையில் நிற்கும், கோர்ட்டில் நிற்காது. அக்கா வீட்டுக்காரருக்காக மூன்று வருடமாக தர்மபுரி கோர்ட்டுக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் மாறி மாறி நடக்கிறவன் சொல்கிறேன், யார் தப்பு என்பதைப் பாதிக்கு மேல் முடிவு செய்வது முதல் ஓரிரு நாளில் யாரோ அவசரத்தில் எழுதிய காகிதம்தான்.

மாமா காரிமங்கலம் சந்தையிலிருந்து எக்ஸெல்லில் வந்துகொண்டிருந்தார். சர்வீஸ் ரோட்டில் ஒரு கார் பின்னாலிருந்து இடித்தது. கார்க்காரர் ஓடிப்போகவில்லை, அவரே தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார், நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டோம். ஆனால் ‘எப்படி அடிபட்டது’ என்று டூட்டி டாக்டர் கேட்டபோது அரை மயக்கத்தில் கிடந்த மாமா பேசவில்லை, கார்க்காரர்தான் பேசியிருக்கிறார்: ‘வண்டி ஸ்லிப் ஆகி விழுந்துட்டார் சார்.’ அது ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், ‘செல்ஃப் ஃபால்’ என்று ஏறிவிட்டது. ‘ராஜியாப் போயிடலாம், செலவை நான் பார்த்துக்கிறேன்’ என்றார், நம்பினோம். நாலாம் நாள் போனை எடுக்கவில்லை. அதற்கப்புறம்தான் ஸ்டேஷனுக்குப் போய் எஃப்.ஐ.ஆர். போட்டோம்.

இன்சூரன்ஸ் வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்? ஏ.ஆரில் தானாக விழுந்தார் என்றிருக்கிறது, எஃப்.ஐ.ஆர். நாலு நாள் லேட், ஆக இது ஜோடித்த கேஸ் என்றார். எங்களைக் காப்பாற்றியது போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதிய மகஜரில் குறித்திருந்த உடைந்த ஹெட்லைட் கண்ணாடியும், காரின் இடது முன்பக்கம் நசுங்கியிருக்கிறது என்ற எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட்டும், பார்த்ததைப் பார்த்தபடி கூண்டில் வந்து சொன்ன டீக்கடைக்காரரும்தான். கிளைம் கேஸில் கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும் என்று சுப்ரீம் கோர்ட் 2009லேயே சொல்லிவிட்டது. எஃப்.ஐ.ஆர். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காகக் கேஸைச் சந்தேகப்படக் கூடாது என்று 2011ல் சொன்னது, அடிபட்டவனை முதலில் ஆஸ்பத்திரிக்குத்தானே கொண்டுபோவார்கள்.

ஹெல்மெட் போட்டிருந்தாரா என்றும் குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். போடவில்லைதான், அது தப்புதான். ஆனால் உடைந்தது முழங்காலுக்குக் கீழே! ஒரு விதியை மீறினாய் என்பது மட்டும் போதாது, அந்த மீறலுக்கும் விபத்துக்கோ காயத்துக்கோ சம்பந்தம் இருக்க வேண்டும் என்று ஒரே பைக்கில் மூன்று பேர் ஏறிப் போன வழக்கில் 2020ல் தீர்ப்பு வந்திருக்கிறது. எங்கள் வக்கீல் அதைக் காட்டினார்.

இதுவரைக்கும் சட்டம் நம் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. யார் தப்பு என்றே நிரூபிக்காமல் இறப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 164வது பிரிவு இருக்கிறது. ஆனால் 2022 ஏப்ரலிலிருந்து கிளைம் மனுவுக்கு ஆறு மாதக் கெடு வந்துவிட்டது, ராஜி பேச்சில் நாளைக் கடத்துகிறவர்கள் அதைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

ஆஸ்பத்திரி கதை வேறு. மாமாவுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். அன்றைக்கு ராத்திரி கட்டுக்குள் கால் வீங்கி வலி தாங்காமல் கத்தியிருக்கிறார், கேட்கும்போதெல்லாம் வலி ஊசி போட்டார்களே தவிர கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றால் தசை சில மணி நேரத்தில் செத்துப்போகும் என்று பிறகு சேலத்தில் சொன்னார்கள், சொல்லிவிட்டு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். கால் போனது ஆஸ்பத்திரியால், கார் வெறும் எலும்பைத்தான் உடைத்தது என்கிறது இன்சூரன்ஸ். இடித்த வேகத்திலேயே ரத்தக்குழாய் நசுங்கிவிட்டது, நாங்கள் என்ன செய்ய என்கிறது ஆஸ்பத்திரி. கார் இடிக்காமல் மாவுக்கட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டு தீர்ப்பாயம் எங்களுக்கு அவார்டு போட்டது, இன்சூரன்ஸ்காரர்கள் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போயிருக்கிறார்கள்.

காசு கொடுத்துப் பார்க்கும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995லேயே ஆகிவிட்டது. ஆனால் பலன் கெட்டது என்பதாலேயே டாக்டர் தப்பு செய்தார் என்று ஆகாது. அதே இடத்தில் சராசரித் திறமையுள்ள இன்னொரு டாக்டர் என்ன செய்திருப்பார் என்பதுதான் அளவுகோல், கிரிமினல் கேஸ் என்றால் படுமோசமான அலட்சியம் வேண்டும் என்று 2005 தீர்ப்பு. இது நியாயம்தான், இல்லாவிட்டால் சீரியஸ் கேஸை எந்த டாக்டரும் தொடமாட்டார். எனக்கு வயிறு எரிவது வேறு இடத்தில். ரோட்டில் நடந்ததற்கு மகஜர் எழுத போலீஸ் வரும், வார்டில் நடந்ததை எழுதுகிறவரே எதிர்த்தரப்பு. எங்களுக்குக் கிடைத்த கேஸ் ஷீட்டில் அந்த ராத்திரி முழுக்க, கத்திக்கொண்டிருந்த மனிதரைப் பற்றி, ‘நோயாளி நலமாக இருக்கிறார்’. மூன்று இடத்தில், ஒரே கையெழுத்து.

கேட்ட 72 மணி நேரத்துக்குள் ரெக்கார்டு கொடுக்க வேண்டும் என்று 2002லிருந்து மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது. நாங்கள் ஐந்து மாதம் கழித்துத்தான் எழுதிக் கேட்டோம், அதுவரை டிஸ்சார்ஜ் சம்மரிதான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஊரில் சிலர் கண்ணாடியை உடைக்கலாம் என்றார்கள். உடைத்திருந்தால் 2008ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தில் நாங்கள் உள்ளே போயிருப்போம், கேஸ் ஷீட் அப்படியே பீரோவில் இருந்திருக்கும்.

ஆணையத்தில் இன்று எங்களிடம் இருக்கும் ஒரே உருப்படியான சாட்சி அக்கா போனில் எடுத்த படம். கட்டுக்கு வெளியே தெரியும் ஐந்து விரலும் நீலம் பாய்ந்து கிடக்கிறது, நேரம் 2.10. நர்ஸிடம் காட்டிவிட்டு, ‘தம்பி, விரல் ஏன் இப்படி இருக்கு?’ என்று வாட்ஸ்அப்பில் அதை எனக்கு அனுப்பியிருந்தாள். நான் காலையில் எழுந்துதான் பார்த்தேன்.